எபாக்ஸி மஞ்சளாகிறதா? ரெசினை மாற்றுவதா, மேலே கிளியர் அடிப்பதா

போன வைகாசியில் ஒரு தம்பி பைக்கை எங்கள் ஷெட் வாசலில் நிறுத்தி, இறங்காமலே கேட்டார்: "ஏனுங்ணா, இதென்ன டீ ஊத்துன மாதிரி ஆயிப்போச்சு?"

அவர் காட்டியது முன்சக்கரத்து மட்கார்டு. ஒரு வருஷத்துக்கு முன் நான்தான் கார்பன் ஃபைபரில், அதாவது கார்பன் இழைத் துணியை ரெசினில் நனைத்து இறுக வைத்து, போட்டுக் கொடுத்தேன். கொடுத்த அன்று கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது நெசவின் மேல் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு மங்கல். ஓரத்தில் அவர் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். அடியில் பழைய கறுப்பு அப்படியே பளபளவென்று இருந்தது.

தப்பு என்னுடையது. டப்பாவில் 'யுவி ரெசிஸ்டன்ட்', அதாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று போட்டிருந்த எபாக்ஸி ரெசினை நம்பி, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சை அடிக்காமல் கொடுத்துவிட்டேன். அதற்கு அப்புறம் இந்த விஷயத்தில் என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு காசும் நேரமும் போகிறது, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். வீட்டு மாடியில் கார்பன் வேலை செய்து பார்க்கிறவர்களும், சின்னதாகத் தொழிலாகச் செய்கிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். ரெசினுக்கு அதிகம் செலவழிப்பதா, மேல்பூச்சுக்கா?

முதலில் அந்த ஸ்டிக்கரைக் கவனியுங்கள். மஞ்சளாகிவிட்டது என்று யாராவது பாகத்தைக் கொண்டுவந்தால் நான் தேடுவது வெயில் படாத ஓர் இடத்தைத்தான். ஸ்டிக்கரின் அடி, போல்ட் வாஷரின் அடி, வேறு பாகம் மூடியிருந்த ஓரம். அங்கே கறுப்பாக இருந்தால் வெயிலின் வேலை. அங்கேயும் மஞ்சள் என்றால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. சூடோ, ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரின் குணமோ, கலவை விகிதம் தவறியதோதான் காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் கிளியர் வாங்க ஓடினால் பாதி நேரம் காசு வீண்.

மஞ்சளாவது எது?

கார்பன் இழை மஞ்சளாவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் எபாக்ஸிதான் நிறம் மாறுகிறது. நாம் வாங்கும் எபாக்ஸியில் பெரும்பாலானவை பிஸ்பீனால்-ஏ என்ற மூலப்பொருளிலிருந்து வருபவை. அதன் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. கெட்டித்தன்மையும் சூடு தாங்கும் குணமும் அந்த வளையங்களால்தான் கிடைக்கின்றன, வம்பும் அவற்றால்தான். தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் சுமார் 295 நானோமீட்டரில் தொடங்கி 400 வரை இருக்கிறது. அதன் தொடக்க முனையை இந்த வளையங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சிய ஆற்றல் பிணைப்புகளை உடைக்கிறது, காற்றின் ஆக்சிஜன் உள்ளே புகுகிறது, நீல ஒளியை விழுங்கும் புதிய சேர்மங்கள் உருவாகின்றன. நீலம் போனால் கண்ணுக்கு மஞ்சள் தெரியும்.

மஞ்சளோடு நின்றால் பரவாயில்லை. அடுத்து பளபளப்பு போய், மேல்தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரத் தொடங்கும். அதற்கும் அப்புறம் இழை வெளியே தெரியும். அந்த நிலைக்கு வந்தால் அழகுப் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் பதின்மூன்றரைப் பாகைக்கும் இடையில் இருக்கிறது. கோடையில் யுவி குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். 'வெளியில் வைத்தாலும் இத்தனை வருஷம் தாங்கும்' என்று ஐரோப்பியக் கம்பெனி அதன் ஊரில் வைத்துச் சொன்னதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. டீயை டம்ளரில் பார்த்தால் கருஞ்சிவப்பு, அதையே சாசரில் ஊற்றினால் வெளிறிய பொன்நிறம். எபாக்ஸியும் அப்படித்தான். இழைக்கு மேல் ரெசின் எவ்வளவு தடிமனாக நிற்கிறதோ அவ்வளவு நிறம் தெரியும். பிளாஸ்டிக் பாகத்தின் மேல் ஒரு அடுக்கு கார்பன் துணியை ஒட்டி, மூன்று நான்கு முறை ரெசின் ஊற்றிப் பளபளப்பாக்கும் 'ஸ்கின்னிங்' வேலை சீக்கிரம் மஞ்சளாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். காற்றை உறிஞ்சி ரெசினைத் துணிக்குள் இழுக்கும் வேக்கம் இன்ஃப்யூஷனில் எடுத்த பாகத்தில் இழைக்கு மேல் ரெசின் படலம் மெல்லியது, அதனால் நிறமும் குறைவாகவே தெரியும். ஆனால் மெல்லியதாக இருப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பின்னால் தேய்த்துச் சரிசெய்ய இடம் இருக்காது.

ரெசினை மாற்றிப் பார்ப்பது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இந்த வழிதான். இதில் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை.

நிறம் மாறுவதில் ரெசினுக்கு இருக்கும் பங்கு ஹார்டனருக்கும் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சில ஹார்டனர்களில் சீக்கிரம் இறுகுவதற்காக நோனைல்பீனால் போன்ற பீனால் வகைகளைக் கலந்திருப்பார்கள். இவை வெயிலே படாமலும் நாளடைவில் நிறம் ஏறும். ஹார்டனரின் முக்கியப் பொருள் அமின் வகை. அதில் ஐசோபோரோன் டையமின் போன்ற சைக்ளோஅலிபாட்டிக் அமின்களும் பாலிஈதர் அமின்களும் தெளிவாக இருக்கும், நிறம் மாறுவதும் நிதானமாகத்தான். தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டின் உட்பொருள் பட்டியலில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். அட்டையில் 'கிரிஸ்டல் கிளியர்' என்று அச்சடித்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது வாங்கிய அன்று தெளிவாக இருக்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம்.

அந்தத் தெளிவிலும் ஒரு வேடிக்கை. சில ரெசின்களில் துளி நீலமோ ஊதாவோ சேர்த்திருப்பார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே கணக்குத்தான். மஞ்சளை நீலம் மறைக்கிறது, மஞ்சள் ஏறும் வேகத்தைத் துளியும் குறைப்பதில்லை.

அப்புறம் 'யுவி ரெசிஸ்டன்ட்' எபாக்ஸி. இதில் இரண்டு வகைச் சேர்ப்பு இருக்கும். ஒன்று, பென்சோட்ரையசோல் போன்ற உறிஞ்சிகள். இவை புற ஊதாவை வாங்கிச் சூடாக மாற்றி விட்டுவிடும். மற்றொன்று ஹால்ஸ் என்ற அமின் வகை, உடைந்த பிணைப்புகள் தொடர்ந்து சேதம் செய்யாமல் நடுவில் நிறுத்தும். இரண்டும் நல்ல பொருள்கள்தான். சிக்கல் இவை இருக்கும் இடத்தில். உறிஞ்சி ரெசினுக்குள்ளேயே கலந்திருப்பதால் ஒளி உள்ளே போகப் போகத்தான் வடிகட்டப்படுகிறது. ஆழத்தில் இருக்கும் ரெசினை மேலே இருப்பது காப்பாற்றும், மேல்தோலைக் காப்பாற்ற அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதோ அந்த மேல்தோல். போதாதற்கு உறிஞ்சியும் காலம் போகப் போகத் தீர்ந்துகொண்டே வரும்.

இதை ரெசின் தயாரிப்பாளர்களே மறைப்பதில்லை. வெஸ்ட் சிஸ்டத்தின் 207 என்ற 'ஸ்பெஷல் கிளியர்' ஹார்டனர் படகுக்காரர்களிடம் பிரபலம், மரத்தின் மேல் தெளிவாக நிற்பதற்கென்றே செய்தது. யுவி காப்பு அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆனாலும் வெயிலில் வைப்பதானால் மேலே யுவி தாங்கும் வார்னிஷோ கிளியரோ பூசியே ஆக வேண்டும் என்று அந்தக் கம்பெனியே எழுதுகிறது. நான் அந்த மட்கார்டுக்கு வாங்கிய டப்பாவின் டேட்டா ஷீட்டிலும், இரண்டாம் பக்கத்தின் அடியில், கிட்டத்தட்ட இதே வரி இருந்தது. டப்பாவின் முன்பக்கத்தைப் படித்த அளவுக்கு அதை நான் படிக்கவில்லை.

பென்சீன் வளையமே இல்லாத எபாக்ஸி கிடைக்காதா என்றால், கிடைக்கும். வளையத்தை ஹைட்ரஜனேற்றம் செய்த பிஸ்பீனால்-ஏ எபாக்ஸி, சைக்ளோஅலிபாட்டிக் எபாக்ஸி என்று உண்டு. வெட்டவெளியில் நிற்கும் மின்கம்பி இன்சுலேட்டர்களில் சைக்ளோஅலிபாட்டிக் வகையைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம், சில்லறையாகக் கிடைப்பது அரிது, சில வகைகளை நல்ல சூட்டில்தான் இறுக வைக்க முடியும். துணியைக் கையால் அடுக்கி ரெசின் தடவி (லே-அப்) செய்கிறவருக்கு இது வழியே இல்லை என்பேன்.

'ப்ரீப்ரெக்கில் (ரெசின் ஏற்கெனவே ஊறி வரும் கார்பன் துணி) செய்தால் மஞ்சளாகாது' என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வேகும் ப்ரீப்ரெக்குகளில் பல, சூடு தாங்குவதற்காக அரோமாட்டிக் அமின், அதாவது பென்சீன் வளையமுள்ள அமின் ஹார்டனரைக் கொண்டவை. அவை எடுத்த எடுப்பிலேயே லேசான மஞ்சள்தான். இழைக்கு மேல் ரெசின் மிகக் குறைவாக இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். பிஎம்டபிள்யூ 2003-இல் எம்3 சிஎஸ்எல் காருக்குக் கார்பன் கூரை போட்டது. கூரைதான் காரிலேயே வெயில் அதிகம் வாங்கும் இடம். அங்கே நெசவு தெரியும்படி விட்டிருந்தாலும் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

ஆக, ரெசினில் நல்லதாக வாங்குங்கள், ஹார்டனரைப் பார்த்து வாங்குங்கள், விகிதத்தைத் தராசில் எடை போட்டுக் கலக்குங்கள். கண்மதிப்பில் ஹார்டனரைக் கொஞ்சம் தூக்கலாக ஊற்றினால் வினையில் சேராமல் மிஞ்சும் அமின் பின்னால் நிறம் ஏறும். பழைய ஹார்டனர் பாட்டிலிலேயே தேன் நிறமாகியிருந்தால் அதை உள் அடுக்குகளுக்கு ஓட்டிவிட்டு, மேலடுக்குக்குப் புது பாட்டிலை உடையுங்கள். ஒரே கப்பில் அரை லிட்டர் கலக்கி வைத்து அது புகையத் தொடங்கினால், அந்தச் சூட்டிலேயே நிறம் ஏறியிருக்கும். அதை அழகான இடத்தில் ஊற்றாதீர்கள். ரெசின் விஷயத்தில் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். மிச்சக் காசு மேல்பூச்சுக்குப் போகட்டும்.

மேலே 2கே கிளியர்

என் தேர்வு இதுதான். கார் பெயின்ட் கடையில் 2கே கிளியர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு டப்பா அக்ரிலிக், ஒரு டப்பா ஹார்டனர். ஹார்டனரில் இருப்பது அலிபாட்டிக் ஐசோசயனேட், அதாவது பென்சீன் வளையம் இல்லாத வகை. அதனால்தான் இந்தப் பாலியூரித்தேன் படலம் வெயிலில் வருஷக்கணக்கில் தெளிவாக நிற்கிறது. உறிஞ்சியும் ஹால்ஸும் இதிலும் கலந்திருக்கும். ஆனால் இங்கே அவை எபாக்ஸிக்கு வெளியே, மேலே இருக்கின்றன. குடை தலைக்கு மேலே இருக்கிறது.

குடைத் துணி மெல்லியதாக இருந்தால் பயனில்லை. நல்ல தெளிப்பில் இரண்டு கோட்டு ஈரமாக அடித்தால் காய்ந்தபின் சுமார் 50, 60 மைக்ரான் நிற்கும், ஒரு தலைமுடியின் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பிறகு 2000 எண் எமரித் தாளில் தேய்த்து, பஃபிங் போட்டு, 'கண்ணாடி ஃபினிஷ்' எடுக்கிறேன் என்று கிளம்பினால் அதில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். தேய்த்து மெருகேற்றப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது கோட்டும் அடியுங்கள். விளிம்புகளைத் தேய்க்கவே வேண்டாம். கிளியர் அடித்தும் மஞ்சளான பாகம் என்று என்னிடம் வந்ததில் விளிம்பில் தொடங்கியவைதான் அதிகம்.

உண்மையில் கிளியர் வேலையில் பெரும்பகுதி அடிப்பதற்கு முன்னால் இருக்கிறது. இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

மழைக்காலத்தில் இறுகிய எபாக்ஸியைக் கையால் தடவினால் மெழுகு தடவின மாதிரி வழுவழுப்பு இருக்கும். காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் அமினோடு சேர்ந்து மேலே படியும் அழுக்கு அது, அமின் பிளஷ் என்பார்கள். வெள்ளைப் புகை மாதிரி தெரிவதும் உண்டு. அதையே மஞ்சளின் தொடக்கம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைத் தின்னர் போட்டுத் துடைத்தால் போகாது, இழுபட்டுப் பரவும். வெறும் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இரண்டும் போதும். கழுவிக் காயவைத்த பிறகுதான் எமரி. கழுவாமல் எமரி போட்டால் அந்த மெழுகைக் கீறலுக்குள் ஏற்றிவிடுகிறீர்கள். மோல்டிலிருந்து (அச்சிலிருந்து) எடுத்த பாகம் என்றால், ஒட்டாமலிருக்கத் தடவிய ரிலீஸ் வாக்ஸும் சேர்ந்திருக்கும், அதற்கு வாக்ஸ் ரிமூவர் தனியாக.

அடுத்தது சூடு. நம் ஊரில் இதை விட்டுவிட முடியாது. அறைச் சூட்டில் இறுகிய சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கறுப்புப் பாகம் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது ரெசின் இன்னும் கொஞ்சம் இறுகும், சுருங்கும், மேலே அடித்த கிளியரையும் கீழே இழுக்கும். கண்ணாடி மாதிரி இருந்த பரப்பில் நெசவு மேடுபள்ளமாக எழும்பும். இதைக் கிளியரின் குறை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். கிளியர் அடிப்பதற்கு முன்பே பாகத்தைச் சூட்டில் வைத்து எடுத்துவிட வேண்டும். எங்கள் ஷெட்டில் ஒரு பழைய இரும்பு பீரோ இருக்கிறது. தட்டுகளைக் கழற்றி, அடியில் ரூம் ஹீட்டர், வெளியே தெர்மோஸ்டாட். அதில் டேட்டா ஷீட் சொல்கிற சூட்டில், சொல்கிற மணிநேரம் வைக்கிறோம். பாகத்தை உள்ளே வைத்துவிட்டு ஒரேயடியாகச் சூட்டை ஏற்றக் கூடாது. படிப்படியாக ஏற்றாவிட்டால் பாகமே கோணிக்கொள்ளும்.

சூட்டில் வைத்து எடுத்த பிறகு 400, 600 எமரியில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. இங்கே கண் முழுக்க எமரித் தண்ணீரின் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக ஓடினால் ரெசினைத் தேய்க்கிறீர்கள், சரி. சாம்பல் நிறம் கண்டதும் நிறுத்துங்கள். இழையைத் தொட்டுவிட்டீர்கள். இழை அறுபட்ட இடம் கிளியருக்கு அடியில் வெளிறிய புள்ளியாக நிற்கும், எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. தொட்டுவிட்டால் மெல்லிய கோட்டு எபாக்ஸி பூசி, இறுகவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. 2கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் குடும்பம். 1984-இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதற்கு உறவு. இது அந்த அளவுக்கு ஆவியாகாது, ஆனால் ஸ்ப்ரே கன்னில் பனியாக மாறி நேரே நுரையீரலுக்குப் போகும். ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை கண்டுவிட்டால் அப்புறம் வாசனை பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அடிக்கிற வேலை இல்லை இது. வெளிக்காற்று வரும் மாஸ்க் வசதி உங்களிடம் இல்லையென்றால், பாகத்தைக் கழுவித் தேய்த்துத் தயார் செய்து, பெயின்ட் அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கும் கார் பெயின்ட் கடையில் கொடுத்துவிடுங்கள். வேறு வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது கூட வைத்து அடித்துக் கொடுப்பார்கள், செலவும் குறைவு. அடியில் பட்டனை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் 2கே ஸ்ப்ரே டப்பாக்களும் வருகின்றன. படலம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே அதே ஐசோசயனேட்தான், அதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

மேட் ஃபினிஷ் கேட்பவர்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன். மேட் கிளியரும் வெயிலைத் தாங்கும், ஆனால் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. பாலிஷ் போட்ட இடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

மோல்டிலேயே ஜெல் கோட்

ஒரே பாகத்தை ஐம்பது, நூறு என்று எடுக்கிறவருக்கு ஒவ்வொன்றையும் தேய்த்துக் கிளியர் அடிப்பது கட்டுப்படியாகாது. மோல்டில் முதலில் தெளிவான ஜெல் கோட் அடித்து, அதன்மேல் கார்பனை அடுக்கினால் பாகம் வெளியே வரும்போதே பளபளவென்று வரும். சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் நிற்பதால் கீறல் விழுந்தாலும் தேய்த்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெளிவான ஜெல் கோட் பெரும்பாலும் பாலியஸ்டர் என்ற வேறு வகை ரெசின். அதற்கும் எபாக்ஸிக்கும் ஒத்துப்போவதில்லை. ஜெல் கோட் முழுக்க இறுகியபின் மேலே எபாக்ஸி வைத்தால் பிடிமானம் சந்தேகம்தான், ஓர் அடி பட்டால் தகடாக உரிந்து வந்துவிடும். இரண்டுக்கும் ஒத்துவரும் என்று தயாரிப்பாளரே சொல்லும் ஜோடியாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லை, மொத்தப் பாகத்தையும் வினைல் எஸ்டர் என்ற இன்னொரு ரெசினில் செய்துவிடுவது. வினைல் எஸ்டருக்கு மாறினால் மஞ்சள் தொல்லை விட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கமான வினைல் எஸ்டரின் முதுகெலும்பும் அதே பிஸ்பீனால்-ஏ எபாக்ஸிதான். ஜெல் கோட்டும் நாளடைவில் லேசாக நிறம் மாறும், அதுவும் அரை மில்லிமீட்டர் தடிமனில். டம்ளர் டீயை மறந்துவிடாதீர்கள். எண்ணிக்கை அதிகம், விலை குறைவு, ரெண்டு மூணு வருஷம் நன்றாக இருந்தால் போதும் என்றால் இதை எடுக்கலாம்.

படலம், வார்னிஷ், செராமிக், பெயின்ட்

பெயின்ட் பாதுகாப்புப் படலம், அதாவது பிபிஎஃப், 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். நல்ல தரமானதில் யுவி காப்பு இருக்கும், கல்லடியும் தாங்கும். மஞ்சளாகிவிட்டால் உரித்துப் போட்டுப் புதிதாக ஒட்டலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். வளைவு அதிகமுள்ள சின்னப் பாகத்தில் ஒட்டுவது கஷ்டம், விளிம்பில் தூசி சேரும். கிளியர் அடித்த பானெட்டுக்கு மேலே கூடுதலாக இதை ஒட்டுவது நல்ல யோசனை. கிளியருக்குப் பதிலாக, மேல்பூச்சு இல்லாத வெறும் எபாக்ஸி மேல் ஒட்டுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. படலத்துக்கு வெளியே மிஞ்சும் ஓரம் தனியாக நிறம் மாறி, பார்டர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மரப் படகுக்கு அடிக்கும் ஸ்பார் வார்னிஷ் யுவியைத் தடுக்கும், ஆனால் தானே தேன் நிறம். மரத்துக்கு அது அழகு. கார்பனின் மேல் பூசினால் மஞ்சளைத் தடுக்க மஞ்சளைப் பூசின கதை.

செராமிக் கோட்டிங் விற்கிறவர்கள் யுவி பாதுகாப்பு என்று சொல்லுவார்கள். ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் எவ்வளவு தடுக்க முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம், சரி. சாதாரண ஸ்ப்ரே டப்பா லாக்கர் உள் பாகத்துக்குப் பரவாயில்லை. டேங்க் பக்கத்தில் அடித்தால் பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தாலே கரைந்து பிசுபிசுக்கும்.

நெசவு தெரிய வேண்டிய அவசியமே இல்லாத பாகத்துக்குப் பெயின்ட்தான் எல்லாவற்றிலும் மேல். ட்ரோன் கை, உள் பிராக்கெட், படகின் அடிப்பாகம் இதற்கெல்லாம் கிளியரை யோசிக்கவே வேண்டாம், பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள். அதிலும் போதிய தடிமன் வேண்டும். போயிங் 787 விமானங்களின் கார்பன் இறக்கையில் வெள்ளைப் பெயின்ட் உரிந்து, அந்த இடங்களில் வெள்ளி நிற டேப் ஒட்டிப் பறந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். புற ஊதா பெயின்ட்டையும் தாண்டி அடியில் போய்ப் பிடிமானத்தைக் கெடுத்ததுதான் அங்கே காரணம்.

எதற்கு எது

வெயிலிலேயே நிற்கும் பைக் பாகம், கார் பானெட், சைக்கிள் ஃப்ரேம் என்றால் நல்ல சாதாரண எபாக்ஸி, சூட்டில் வைத்து எடுத்து, 2கே கிளியர் மூன்று கோட்டு. விலை கூடிய 'மஞ்சளாகாத' எபாக்ஸியும் கிளியர் இல்லாமையும் ஒரு பக்கம், நடுத்தர எபாக்ஸியும் ஒழுங்கான கிளியரும் ஒரு பக்கம் என்றால் நான் யோசிக்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

கார் டேஷ்போர்டு, கியர் நாப் போன்றவற்றுக்குக் கதை கொஞ்சம் இளகும். முன்கண்ணாடி லேமினேட் செய்தது, புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வரும். இங்கே யுவி காப்புள்ள எபாக்ஸி மட்டுமே பல வருஷம் போதும். ஆனால் வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் உள்ளே சூடு மோசம், அதனால் நல்ல ஹார்டனராக வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சைலன்சர் கார்டுக்கு இந்தக் கட்டுரை பாதிதான் உதவும். அங்கே மஞ்சளாக்குவது சூடு, கிளியர் சூட்டைத் தடுக்காது. அதிகச் சூடு தாங்கும் ரெசினில் செய்து, சைலன்சருக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் உங்கள் ஊர் வெயிலில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு செய்து, பாதியை அலுமினிய ஃபாயிலால் இறுக்கச் சுற்றி, மொட்டை மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மாசியில் வைத்தால் ஆடிக்குள் ஃபாயிலை உரித்துப் பார்க்கலாம். இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பெரிய அளவில் வாங்குகிறவர் என்றால் சப்ளையரிடம், புற ஊதா விளக்கில் வைத்துப் பார்க்கும் ஏஎஸ்டிஎம் ஜி154 சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை மணிநேரம் ஓட்டினார்கள், மஞ்சள் எண் எவ்வளவு ஏறியது என்று அதில் இருக்க வேண்டும். அறிக்கை இல்லாமல் 'யுவி ப்ரூஃப்' என்று வாயால் மட்டும் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அந்தத் தம்பியின் மட்கார்டுக்கு வருகிறேன். வெயில் மஞ்சள் மேல்தோலில்தான் இருக்கும் என்பதால் காப்பாற்ற முடிந்தது. கழுவி, 400-இல் தேய்க்கத் தேய்க்க, எமரித் தண்ணீர் முதலில் லேசான பழுப்பாக ஓடி, பிறகு வெள்ளையானது. மட்கார்டின் உச்சியில் ஓர் இடத்தில் சாம்பல் எட்டிப் பார்த்தது. அங்கே எபாக்ஸி பூசி இரண்டு நாள் காத்திருந்து மறுபடி தேய்த்தேன். பீரோவில் ஓர் இரவு. பிறகு தெரிந்த பெயின்ட் கடையில் மூன்று கோட்டு கிளியர். அவரிடம் காசு வாங்கவில்லை.

மாட்டிக் கொடுத்தபோது அவர் பையிலிருந்து புதிதாக ஒரு ஸ்டிக்கரை எடுத்து, ஒட்டலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். "ஒட்டுங்க தம்பி, பழைய இடத்துலயே ஒட்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க, உரிச்சுப் பாக்கலாம்" என்றேன்.